அக்டோபருக்குள் உப்பு: அட்டவணை முறைகளை மரக்காணத்தில் வைத்துப் பார்த்தால்

"அண்ணா, இதுல எது பெஸ்ட்டு?"

பிளானிங் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. பார் சார்ட், சிபிஎம், பெர்ட், கிரிட்டிக்கல் செயின், லைன் ஆஃப் பேலன்ஸ், லாஸ்ட் பிளானர் என்று பெயர்கள் வரிசையாக வாயில் வரும். கல்லூரியில் இவை எல்லாவற்றையும் ஒரே யூனிட்டில் அடைத்து, "வேறுபாடுகளைப் பட்டியலிடுக" என்று கேட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளும் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் சிபிஎம், அந்தப் பக்கம் பெர்ட் என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். சைட்டுக்கு வந்து மேஸ்திரி முன்னால் நிற்கும்போதுதான் திண்டாட்டம் ஆரம்பிக்கிறது.

"எல்லாமே நல்லதுதான், சூழ்நிலையைப் பொறுத்தது" என்று சொல்லி நழுவலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. இந்த முறைகள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு வேலை ஒரு குறிப்பிட்ட காரணத்தால் நின்றுபோனபோது உருவாக்கினார். ஒருவருக்கு வரிசை புரியவில்லை. இன்னொருவருக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்றே தெரியவில்லை. வேறொருவரிடம் ஆள் போதவில்லை. உங்கள் வேலையை நிறுத்துவது எது என்று தெரிந்துவிட்டால், எந்த முறை என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

பாடப்புத்தகத்தில் வருவது போல வீடு கட்டும் உதாரணம் வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கத்து உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஏன் உப்பளம்?

சென்னையிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். சாலை ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள், ஆங்காங்கே மூடிவைத்த உப்புக் குவியல்கள். தமிழ்நாட்டு உப்பு என்றால் தூத்துக்குடி முதலில், அடுத்து வேதாரண்யம், அதற்கடுத்த பெயர் மரக்காணம்.

அட்டவணை போடுகிறவனுக்கு இந்தத் தொழில் ஒரு நல்ல பரீட்சை. காரணம், இரண்டு பக்கமும் சுவர். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீர் வடிந்த பிறகுதான், பெரும்பாலும் ஜனவரியில், வேலை தொடங்க முடியும். மறுபடி அக்டோபரில் மழை பிடித்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த மாதங்களில் வேலை கிடையாது என்பதை அரசே ஒப்புக்கொண்டு, உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. ஆக, முடிவுத் தேதியை முதலாளியோ ஒப்பந்தக்காரரோ தள்ளிப்போட முடியாது. முதல் உப்பு பத்து நாள் தாமதமானால், அந்தப் பத்து நாள் வெயில் போனது போனதுதான்.

வேலையின் போக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மழைநீரை வடிப்பார்கள். வரப்புகளைச் சரி செய்வார்கள். உப்பு விளையும் பாத்திகளில் சேறு வாரி, மண்ணை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். உவர்நீரைத் தேக்கப் பாத்திகளில் விட்டு வெயிலில் காயவைத்து அடர்த்தி ஏற்றுவார்கள். அடர்த்தியை அளக்கும் போமே மானியில் கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். 25 டிகிரியை ஒட்டித்தான் உப்பு படியத் தொடங்கும். அந்த நேரத்தில் நீர் உப்புப் பாத்தியில் இருக்க வேண்டும். 29, 30 டிகிரிக்குப் போய்விட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும். அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இனி ஒவ்வொரு முறையாக இந்தச் சேற்றில் இறக்கிப் பார்ப்போம். கீழே வரும் நாள் கணக்குகள் விளக்குவதற்காக நானே போட்டவை. எந்த அளத்தின் உண்மைக் கணக்கும் இல்லை.

பார் சார்ட்: எல்லாருக்கும் புரியும், காரணம் மட்டும் தெரியாது

ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1910களில் பரப்பியதால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. போலந்துக்காரர் கரோல் அடமியெட்ஸ்கி 1896-லேயே இதே மாதிரி ஒரு வரைபடம் போட்டிருந்தார். அது வெளி உலகுக்குத் தெரியாமல் போனதால் பெயர் கான்ட்டுக்குப் போய்விட்டது.

இடப்பக்கம் வேலைகள், மேலே தேதிகள், நடுவில் பட்டைகள். இதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம். ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி முதல் சூப்பர்வைசர் வரை எல்லாரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்கள். இந்தப் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் வரப்பு வேலை நான்கு நாள் தள்ளிப்போனால் முதல் உப்பு எத்தனை நாள் தள்ளும்? சாதாரண பார் சார்ட் வாயைத் திறக்காது. பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவே தவிர, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அதில் பதிவாகவில்லை. வேலைகள் குறைவாக இருந்து, வரிசை எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தால் இதுவே போதும். அதற்கு மேல் போனால் இது கணக்கைக் காட்டும் பலகை, கணக்குப் போடும் இடம் வேறு.

சிபிஎம்: எந்த வேலை தேதியை நகர்த்துகிறது?

1957-ல் டூபாண்ட் ரசாயன நிறுவனத்துக்கு இந்தக் கேள்விதான் தலைவலி. ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தினால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். அந்த நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து, யுனிவாக் கணினியில் இந்தக் கணக்கை ஓட்டினார்கள். கிரிட்டிக்கல் பாத் மெதட் பிறந்தது அப்படித்தான்.

நம் அளத்துக்குப் போட்டுப் பார்ப்போம்.

அ. மழைநீர் வடிப்பது: 8 நாள்
ஆ. தேக்கப் பாத்தி வரப்பு கட்டுவது: 10 நாள் (அ முடிந்த பிறகு)
இ. உப்புப் பாத்தி சேறு வாரி மிதிப்பது: 15 நாள் (அ முடிந்த பிறகு)
ஈ. மோட்டார், குழாய் பழுது பார்ப்பது: 6 நாள் (எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம்)
உ. தேக்கத்தில் நீர் விட்டு அடர்த்தி ஏற்றுவது: 20 நாள் (ஆ, ஈ முடிந்த பிறகு)
ஊ. உப்புப் பாத்தியில் ஏற்றி முதல் உப்பு வாருவது: 12 நாள் (இ, உ முடிந்த பிறகு)

அ, ஆ, உ, ஊ வழியே போனால் 8 + 10 + 20 + 12 = 50 நாள். அ, இ, ஊ வழியே 35 நாள்தான். ஆகவே 50 நாள் வழிதான் கிரிட்டிக்கல். பாத்தி மிதிக்கும் வேலைக்கு 15 நாளும், மோட்டார் பழுதுக்கு 12 நாளும் தாராளம் இருக்கிறது. துறை மொழியில் இதற்கு ஃப்ளோட் என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, அளத்தில் இடுப்பொடிகிற வேலை பாத்தி மிதிப்பதுதான். வெளியிலிருந்து பார்க்கிற யாரும் "இங்கே இன்னும் பத்து ஆளைப் போடுங்க" என்பார்கள். பத்து ஆள் போட்டு 15 நாள் வேலையை 8 நாளில் முடித்தாலும் முதல் உப்பு ஒரு நாள்கூட முன்னால் வராது. வரப்பில் இரண்டு நாள் மிச்சம் பிடித்தால் இரண்டு நாள் முன்னால் வரும்.

எங்கள் சித்தப்பா அளம் குத்தகை எடுத்து நடத்துகிறவர். இந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஏன்டா தம்பி, தேக்கத்துக்கு வரப்பு நிக்காம பாத்தியில எவனாச்சும் மொதல்ல எறங்குவானா? இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு?" என்றார். ஆறு வேலைக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்தான் சித்தப்பா. ஆறாயிரம் வேலை, அதுவும் நான்கு வெவ்வேறு கான்ட்ராக்டர்கள் கையில் என்று வரும்போது அவருடைய அனுபவம் யாருடைய தலையிலும் முழுசாக இருக்காது. சிபிஎம் அங்கேதான் சம்பளம் வாங்குகிறது.

கிரிட்டிக்கல் பாதையை உடைப்பது எப்படி என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. சரிசெய்ய ரயில்வே வைத்த இலக்கு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலுக்குள் விழுந்து கிடந்த கர்டர்களையே மீட்டெடுத்து மறுபடி ஏற்றியது அதில் பெரிய பங்கு. புதுக் கர்டர் செய்து, ரயிலேற்றி, பாலம் வரை கொண்டுவரும் வேலை எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். இருக்கிற வேலையை வேகமாகச் செய்வது ஒரு வழி. நீளமான வேலையையே பாதையிலிருந்து எடுத்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி தோன்ற வேண்டுமானால், எது நீளம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

பெர்ட்: நாள் எத்தனை என்றே தெரியாதபோது

சிபிஎம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு எண்ணைக் கேட்கிறது. டூபாண்டுக்குப் பிரச்சினை இல்லை. வால்வு மாற்ற எவ்வளவு நேரமாகும் என்பது அவர்களுக்குப் பழக்கப்பட்ட விஷயம். 1958-ல் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் பொலாரிஸ் ஏவுகணையைச் செய்யப் புறப்பட்டபோது, அதற்கு முன் யாரும் செய்யாத வேலைகள் வரிசையாக நின்றன. ஆகவே மூன்று எண் கேட்டார்கள்: எல்லாம் நன்றாகப் போனால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, மோசமாகப் போனால் எத்தனை? நடுவில் இருப்பதற்கு நான்கு மடங்கு எடை கொடுத்துக் கூட்டி ஆறால் வகுத்தால் எதிர்பார்க்கும் நாள்.

நம் அளத்தில் அடர்த்தி ஏற்றும் வேலைதான் பெர்ட்டுக்கு ஏற்ற இடம். நல்ல வெயில், நல்ல காற்று என்றால் 14 நாள். வழக்கமாக 20. நடுவில் மழை பெய்து நீர் மறுபடி நீர்த்துப்போனால் 44 என்று வைத்துக்கொள்வோம். 14, நான்கு இருபது 80, அதோடு 44, மொத்தம் 138. ஆறால் வகுத்தால் 23. மோசமான நாளிலிருந்து நல்ல நாளைக் கழித்து ஆறால் வகுத்தால் திட்ட விலக்கம் 5 நாள். மற்ற வேலைகள் சொன்னபடி நடக்கும் என்றே வைத்தாலும், முதல் உப்புக்கு 53 நாள் என்பது பாதிக்குப் பாதி வாய்ப்புதான். நூற்றுக்கு 84 பங்கு நிச்சயம் வேண்டுமானால் 58 நாள் என்று சொல்ல வேண்டும்.

"எப்ப முடியும்?" என்ற கேள்விக்கு ஒற்றைத் தேதி சொல்லாமல், "இந்தத் தேதிக்கு இவ்வளவு வாய்ப்பு" என்று சொல்லப் பழக்கியது பெர்ட்டின் பெரிய உபகாரம். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை நம் கரைக்கு ரொம்ப முக்கியம். ஒரு வேலையின் தாமதத்துக்கும் இன்னொன்றின் தாமதத்துக்கும் சம்பந்தமில்லை என்று பெர்ட் நினைத்துக்கொள்கிறது. ஒன்று முன்னால் போனால் ஒன்று பின்னால் வந்து சராசரியில் சரியாகிவிடும் என்பது அதன் நம்பிக்கை. மழை அப்படியா பெய்கிறது? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறியபோது, இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை வந்தால் வடிப்பது, வரப்பு, பாத்தி, தேக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் பின்னுக்குப் போகும். சராசரி நம்மைக் காப்பாற்றாது. கடலோரத்தில் பெர்ட் போடுகிறவர்கள் மழையை ஒவ்வொரு வேலைக்குள்ளும் தூவாமல், தனியாக ஒரு ஆபத்தாக எடுத்து வைத்துக் கணக்குப் போடுவது நல்லது.

இரண்டாவது, கிட்டத்தட்ட அதே நீளமுள்ள இன்னொரு பாதையைப் பெர்ட் கண்டுகொள்வதில்லை. இரண்டு பாதைகள் சேருமிடத்தில் எது தாமதமானாலும் காத்திருக்க வேண்டும். ஆகவே நிஜத் தேதி பெரும்பாலும் பெர்ட் சொன்னதற்குச் சற்றுப் பின்னால்தான் நிற்கும்.

ஒரு கிசுகிசுவையும் சொல்லிவிடுகிறேன். பொலாரிஸ் பெர்ட்டால்தான் சீக்கிரம் முடிந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஹார்வி சபோல்ஸ்கி அந்தத் திட்டத்தை ஆராய்ந்து 1972-ல் எழுதிய நூலில், பெர்ட் அங்கே வேலையை நடத்தியதைவிட, வெளியிலிருந்து கேள்வி கேட்க வருகிறவர்களைத் தள்ளி நிறுத்தத்தான் அதிகம் உதவியது என்ற முடிவுக்கு வந்தார். வண்ண வண்ணமாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிய நெட்வொர்க் படத்தின் முன் எந்த அதிகாரியும் வாய் திறக்காமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

கிரிட்டிக்கல் செயின்: ஆள் ஒரே செட் என்றால்?

மேலே போட்ட சிபிஎம் கணக்கில் நான் ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டேன். வரப்பும் பாத்தியும் ஒரே சமயத்தில் நடக்கும் என்று வைத்தேன். ஆனால் இரண்டுக்கும் இறங்குவது அதே ஆட்கள் என்றால்? தர்க்கப்படி சேர்ந்து நடக்கலாம், கைதான் போதாது.

வரப்பை முதலில் முடித்து, அடர்த்தி ஏறுகிற 20 நாளில் பாத்தியை மிதித்தால், பாத்தி வேலை 33-ஆம் நாள் முடியும். நீர் தயாராவது 38-ஆம் நாள். மொத்தம் அதே 50 நாள். பாத்தியை முதலில் எடுத்தால் 8 + 15 + 10 + 20 + 12, அதாவது 65 நாள். அதே ஆள், அதே கூலி, அதே வேலை. எதை முதலில் எடுத்தோம் என்பதில் 15 நாள் வித்தியாசம்.

இலியாஹு கோல்ட்ராட் 1997-ல் இதை ஒரு நாவலாகவே எழுதினார். வேலைகளின் வரிசையோடு ஆள், கருவியின் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பார்த்து வருவதைக் கிரிட்டிக்கல் செயின் என்றார். அவர் சொன்ன அடுத்த விஷயம் இன்னும் சுவாரசியம். நாள் கேட்டால் எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். கூட்டிச் சொன்ன நாள் மிச்சமாவதும் இல்லை. கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டே கழிகிறது. ஆகவே ஒவ்வொரு வேலையிலும் ஒளித்துவைத்த நாளைப் பிடுங்கி, அதில் பாதியை மட்டும் திட்டத்தின் கடைசியில் பொதுவான பஃபராக வையுங்கள் என்றார்.

அளத்தில் செய்து பார்ப்போம். 8, 10, 20, 12 என்பதை 5, 6, 14, 8 என்று வெட்டினால் 33 நாள். வெட்டியது 17, அதில் பாதி, ஏறத்தாழ 9 நாள் பஃபர். மொத்தம் 42. காகிதத்தில் எட்டு நாள் லாபம். ஆனால் வெயில் எதையும் கூட்டிச் சொல்லவில்லையே! தேக்கத்து நீர் கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டு ஆவியாவதில்லை. நாம் 14 என்று எழுதினால் 20 நாள் வேலை 14-ல் முடியாது. முதல் உப்பு படிவதும் அப்படித்தான். மனிதக் கை படும் வடிப்பையும் வரப்பையும் மட்டும் வெட்டினால் மிச்சம் 7 நாள். அதற்குப் பாதி, 4 நாள் பஃபர். 5 + 6 + 20 + 12 + 4 = 47. நிஜ லாபம் மூன்று நாள்.

கான்கிரீட் இறுகுவது, களிமண் மேல் போட்ட கரை அமுங்கி நிலைப்பது, பெயின்ட் காய்வது எல்லாம் இந்த வகைதான். இவற்றைக் கிரிட்டிக்கல் செயினில் வெட்டிவிட்டு, "பஃபர் தீர்ந்துபோச்சு சார்" என்று புலம்பும் அட்டவணைகள் நிறைய உண்டு.

சாலைக்கு வேறு கணக்கு: நேரமும் தூரமும்

இப்போது அளத்திலிருந்து கரையேறி ரோட்டுக்கு வருவோம். மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கி.மீ. தூரத்தை நான்கு வழிச் சாலையாக்க, தேசிய நெடுஞ்சாலை 332ஏ திட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு 2,157 கோடி ரூபாய். இந்த மாதிரி வேலையில் வரிசை ஒரு ரகசியமே இல்லை. மண் போடு, ஜல்லி போடு, தார் போடு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இதேதான். சிபிஎம் போட்டால் ஒரே மாதிரி ஆயிரம் வரிகள் வரும், புதிதாக எதுவும் தெரியாது. இங்கே கேள்வி, எந்த செட் எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கும் என்பது.

அதற்குத்தான் டைம் செயினேஜ் படம். ஒரு பக்கம் தூரம், இன்னொரு பக்கம் தேதி. ஒவ்வொரு செட்டும் ஒரு சாய்கோடு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் பயன்பட்ட லைன் ஆஃப் பேலன்ஸுக்கு இது உறவு.

12 கி.மீ. நீளத்துக்கு ஒரு கணக்கு. மண் வேலை நாளுக்கு 200 மீட்டர் நகர்கிறது, 60 நாள். பின்னால் வரும் ஜல்லி செட் நாளுக்கு 300 மீட்டர், 40 நாள். மண் தொடங்கிப் பத்து நாள் கழித்து ஜல்லியை இறக்கினால் என்ன ஆகும்? முப்பதாவது நாள், ஆறாவது கிலோமீட்டரில் ஜல்லி செட் மண் செட்டின் முதுகில் வந்து முட்டும். அதற்கப்புறம் டிப்பர்களும் கிரேடரும் வாடகையோடு சும்மா நிற்கும். வேகமாகப் போகிற செட்டைத் தாமதமாகத்தான் தொடங்க வேண்டும். இங்கே குறைந்தது 20 நாள் இடைவெளி. படத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்வது கண்ணில் அடிக்கும். பார் சார்ட்டில் இரண்டும் அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

இந்தப் படத்தில் மழைக்காலத்தையும் வரைந்துவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாழ்வான இடங்களின் மேல் ஒரு பட்டை. நிலம் இன்னும் கைக்கு வராத இடங்களைக் கட்டம் கட்டிவிடலாம். நெடுஞ்சாலை ஒப்பந்தங்களில் நிலத்தின் பெரும்பகுதி கிடைத்த பிறகே அப்பாயின்டட் டேட் அறிவிப்பார்கள். ஒப்பந்தக் கடிகாரம் அன்றுதான் ஓடத் தொடங்கும். மீதி நிலம் துண்டு துண்டாக வரும். எந்தத் துண்டு எந்தச் சாய்கோட்டை மறிக்கிறது என்று இந்தப் படத்தைப் போல வேறெதுவும் காட்டாது. பாலம் வருகிற இடத்துக்கு மட்டும் தனியாகச் சிபிஎம் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே வரிசை சிக்கலானது, இடம் நகராது.

லாஸ்ட் பிளானர்: தயாரானதை மட்டும் வாக்குக் கொடு

மேலே சொன்ன எல்லா முறைகளிலும் அலுவலகத்தில் உட்கார்ந்த ஒருவர் தேதியை எழுதி சைட்டுக்குத் தள்ளுகிறார். 1990களில் அமெரிக்காவில் க்ளென் பாலார்டும் க்ரெக் ஹோவெலும் ஒரு எளிய விஷயத்தை அளந்தார்கள். வாரத் தொடக்கத்தில் "முடிப்போம்" என்று எழுதியதில் வாரக் கடைசியில் எத்தனை முடிந்தது? பாதியை ஒட்டித்தான் வந்தது. அவர்கள் முடிவு, தேதி வந்ததாலேயே ஒரு வேலை செய்யத் தகுந்ததாகிவிடாது என்பது. ட்ராயிங், பொருள், ஆள், இடம், முந்தைய வேலை எல்லாம் தயாரா என்று பார்த்து, தயாரானதை மட்டும் வாக்குக் கொடுக்கச் சொன்னார்கள். வாக்குக் கொடுக்க வேண்டியவர் வேலையை நடத்தப்போகிற மேஸ்திரி. அவர்தான் கடைசி பிளானர்.

உப்பளத்தில் இது எப்போதும் உள்ளதுதான். "எந்தத் தேதிக்குப் பாத்திக்குத் தண்ணி விடுவீங்க சித்தப்பா?" என்று கேட்டால், "தேதியை நீ வெச்சுக்கடா. டிகிரி ஏறாம நான் விட்டா, வரப்போறது சேறும் தண்ணியும்தான்" என்பார். அடுத்த கட்டத்துக்கு அனுமதி தருவது மானியில் வரும் எண். 25-ஐ நெருங்குகிறதா? விடு. 29-ஐத் தொடுகிறதா? வெளியேற்று. காலண்டர் பின்னால் நிற்கும்.

பஃபர் விஷயத்திலும் அவர்கள் வழி தனி. அக்டோபருக்கு முன் சில நாளை மிச்சம் வைப்பதைவிட, வாரிய உப்பை உடனுக்குடன் மேட்டில் குவித்து மூடிவைக்கிறார்கள். நாளை மழை பெய்தாலும் பாத்தியில் கிடக்கும் கொஞ்சம்தான் போகும். முடித்த வேலையை முடித்ததாகவே பாதுகாப்பதும் பஃபர்தான். பில் ஏற்றாத வேலை, சோதனை அறிக்கை வராத வேலை, மூடாத குழி என்று பாதியில் நிற்பவற்றைக் குறைத்தாலே, எந்த மென்பொருளும் தராத நிம்மதி கிடைக்கும்.

இதன் பலவீனமும் உண்டு. இது சில வாரங்களுக்கு மேல் பார்க்காது. செப்டம்பரில் எவ்வளவு உப்பு கிடைக்கும், கடனை அடைக்க முடியுமா என்று கேட்டால் டிகிரி மானி பதில் சொல்லாது. அதற்கு சிபிஎம்மோ பெர்ட்டோ வேண்டும்.

சரி, எதை எடுக்கலாம்?

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அளமாக இருந்தால், டிசம்பரில் ஒருமுறை வரிசையும் ஆளும் பார்த்து எதை முதலில் எடுப்பது என்று தீர்மானித்துவிட்டு, அப்புறம் டிகிரியைப் பார்த்து நடத்துவேன். சாலையாக இருந்தால், டைம் செயினேஜ் படத்தைச் சுவரில் ஒட்டி, பாலங்களுக்குச் சிபிஎம் வைத்து, வாரா வாரம் மேஸ்திரிகளோடு வாக்குக் கூட்டம் போடுவேன். ஆய்வுக் கூட்டத்துக்குப் பார் சார்ட் எடுத்துக்கொண்டு போவேன். அங்கே அதுதான் செல்லும்.

உங்கள் சைட்டுக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். போன மாதம் வேலை நின்ற ஒவ்வொரு முறையும் ஏன் நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள்.

"முன்னாடி வேலை முடியல" என்று அதிகம் வந்தால் சிபிஎம்.

"எத்தனை நாள் ஆகும்னே தெரியல" என்றால் பெர்ட். "மழை" என்றால் அதைத் தனி ஆபத்தாக எடுத்து வையுங்கள்.

"ஆள் அங்க இருக்கான், ஜேசிபி இன்னொரு பக்கம் போயிருக்கு" என்றால் கிரிட்டிக்கல் செயின்.

"இடம் காலியா இல்ல, முன்னாடி செட் நகரல" என்றால் டைம் செயினேஜ்.

"ட்ராயிங் வரல, கம்பி வரல, அப்ரூவல் வரல" என்றால் லாஸ்ட் பிளானர்.

"என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியல" என்றால் முதலில் ஒரு பார் சார்ட் போட்டு எல்லாரையும் அதன் முன்னால் உட்காரவையுங்கள்.

எந்தக் காரணம் அதிகம் வருகிறதோ அதுதான் உங்கள் முறை. அடுத்த காலாண்டில் காரணம் மாறினால் முறையும் மாறட்டும். இந்தப் பட்டியலுக்கு ஒரு நோட்டும், மேஸ்திரியோடு டீ குடிக்கிற நேரமும் போதும். பிரைமவேரா மென்பொருளுக்கு லைசென்ஸ் வாங்குவதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.